சுவரில் ஒரு நாள் அதிகம்

மே ஒன்பதாம் தேதி காலைப் பேருந்தில் என் மகள் நிவெஸ் எங்கள் ஊர் ரோக்காமூத்தாவில் வந்து இறங்கினாள். கையில் ஒரு பெட்டி, தோளில் தூரிகைகளைச் சுருட்டி வைத்த தோல் பை. பதினோரு வருடம் தூரின் நகரத்தில் இருந்துவிட்டு வருகிறவள், பக்கத்துச் சந்தைக்குப் போய்த் திரும்பியவளைப் போல, "என்னப்பா இளைச்சுட்ட?" என்றாள்.

சதுக்கத்தில் காப்பிக்கடை வைத்திருக்கும் தெல்ஃபீனா வாசலிலிருந்தே குரல் கொடுத்தாள்.

"வந்துட்டியாடி மகராசி? உங்கப்பன் மூணு நாளா அந்தக் கல்லு மேலயே உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கிட்டுக் கெடந்தான். காப்பியைக் கூட நான்தான் தூக்கிட்டுப் போய்க் குடுத்தேன்."

"ரெண்டு நாள்தான்," என்றேன் நான்.

"பாரு, ஒத்துக்கிட்டான்!"

நிவெஸ் சிரித்தாள். அவள் அம்மா இறந்த பிறகு நான் கேட்காத சிரிப்பு அது.

என் பெயர் ஒரெஸ்தே. சுவர் பூசுகிறவன். நாற்பது வருடமாக இந்தப் பள்ளத்தாக்கில் எந்த வீட்டைத் தட்டிப் பார்த்தாலும் என் கைவேலை ஏதாவது ஒரு மூலையில் இருக்கும்.

எங்கள் ஊரில் அப்போது அறுபத்து மூன்று பேர். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் அறுநூறு. கம்பளி ஆலை மூடியதும் குடும்பம் குடும்பமாகக் கீழே இறங்கிப் போய்விட்டார்கள். அடுத்த பள்ளத்தாக்கில் சுவரெல்லாம் ஓவியம் வரைந்து, காலி வீடுகளை ஓவியர்களுக்குக் கொடுத்து ஒரு ஊரையே எழுப்பி உட்கார வைத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து மேயர் எர்மேத்தேவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஆலையின் முன்சுவர் சதுக்கத்தைப் பார்த்தபடி நாற்பது மீட்டர் நீளத்துக்கு நிற்கிறது. அதில் புனித ரோக்கின் திருவிழாப் பவனியை வரைய வேண்டும். பவனியில் நடக்கிற அறுபத்து மூன்று முகங்களும் எங்கள் முகங்களாக இருக்க வேண்டும். ஆகஸ்ட் பதினாறு, திருவிழா அன்று திறப்பு. வெளியாள் எதற்கு, நம் ஊர்ப் பிள்ளையே வரையட்டும் என்று அவர்தான் நிவெஸுக்குக் கடிதம் போட்டார்.

முதல் நாள் சோளக்களியும் முயல்கறியும் சாப்பிடும்போது அவள் மெதுவாகச் சொன்னாள்.

"பெல்ஜியத்துல ஒரு நாடகக் கொட்டகையில வேலைக்குக் கூப்பிட்டிருக்காங்கப்பா. அக்டோபர்ல சேரணும்."

நான் களியைக் கிளறிக்கொண்டிருந்தேன்.

"இந்தச் சுவர் நல்லா வந்துச்சுன்னா போக மாட்டேன். இங்கயே இருந்துடுவேன். எர்மேத்தே அண்ணன் மேலத்தெரு வீட்டைத் தர்றேன்னு சொல்லியிருக்காரு."

"வரும்," என்றேன். "நல்லா வரும் கண்ணு."

அவளை இங்கேயே இருத்திக்கொள்ள வேண்டும் என்றுதான் நான் அந்தக் குழியைத் திறந்தேன்.

ஈரச்சுவர் ஓவியத்துக்கு உயிர் சுண்ணாம்பு. நீற்றித் தண்ணீருக்கடியில் போட்டு வைத்த சுண்ணாம்பு எவ்வளவு பழசோ அவ்வளவு நல்லது. ஒரு வருடச் சுண்ணாம்பு வெடிக்கும், பத்து வருடச் சுண்ணாம்பு நிற்கும். என் அப்பா முப்பது வருடச் சுண்ணாம்பை ஒரே ஒரு முறை தொட்டார். அதைப் பற்றிச் சாகும்வரை பேசினார். கடையில் விற்பதெல்லாம் ஆறு மாதச் சரக்கு.

கல்லறைத் தோட்டத்துக்குப் பின்னால், முள்புதருக்குள், ஒரு பெரிய பலகைக்கல் கிடப்பது எனக்குத் தெரியும். புதரை வெட்டி, பாசியைச் சுரண்டிப் பார்த்தேன். உளியால் கீறியிருந்தது. 1918. அதற்குக் கீழே ஒரு சிலுவை. அதற்கும் கீழே 27.

பூச்சுக்காரன் எவனும் அதை ஒரே மாதிரிதான் படிப்பான். எங்கள் பக்கத்தில் சுண்ணாம்பை நீற்றிக் குழியை மூடும்போது கல்லில் வருடம் போடுவோம். கண் படாமல் இருக்க ஒரு சிலுவை கீறுவோம். எத்தனை கூடை போட்டோம் என்று எண் எழுதுவோம்.

1918-ல் நீற்றிய இருபத்தேழு கூடைச் சுண்ணாம்பு!

கடப்பாரையால் கல்லை நெம்பினேன். மேலே ஒரு சாண் உயரத்துக்குத் தெளிந்த தண்ணீர். அதற்கடியில், அப்போதுதான் உறைந்த பாலாடைக்கட்டி மாதிரி, வெள்ளையாக, மெத்தென்று, அசையாமல் கிடந்தது. கையை விட்டேன். சில்லென்று விரலிடுக்கில் வெண்ணெயாக வழிந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

அதில் முடி இருந்தது. பூச்சு வெடிக்காமல் பிடித்துக்கொள்ள ஆட்டுமுடி கலப்பது பழைய பழக்கம். இந்த முடி கொஞ்சம் நீளம். நல்ல ஆடு என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த கூடையில் ஒரு எலும்புப் பொத்தான் வந்தது.

தூக்கி எறிந்துவிட்டேன்.

ஜூன் கடைசியில் வேலை தொடங்கியது. விடியற்காலை ஐந்து மணிக்கு நான் சாரத்தில் ஏறி, அன்றைக்கு நிவெஸ் வரைந்து முடிக்கிற அளவுக்கு மட்டும் பூசுவேன். ஈரம் இருக்கும்போதே அவள் நிறம் வைத்துவிட வேண்டும். காய்ந்தால் சுவர் நிறத்தை வாங்காது. அந்தத் துண்டுக்கு எங்கள் தொழிலில் ‘நாள்’ என்றுதான் பெயர்.

"இன்னிக்கு எவ்ளோ பெரிய நாள் வேணும்?" என்று கேட்பேன்.

"ரெண்டு மூஞ்சி, ஒரு கழுதைப்பா."

"கழுதை யாரு, எர்மேத்தேவா?"

கீழே நின்ற மேயர் தொப்பியைக் கழற்றிக் கும்பிடுவார். நாளுக்கும் நாளுக்கும் நடுவே தையல் போல மெல்லிய கோடு விழும். முடிந்த சுவரில் அந்தக் கோடுகளை எண்ணினால் எத்தனை நாள் வேலை என்று எவனும் சொல்லிவிடலாம். நானும் சாரத்துக் கட்டையில் நாளுக்கு ஒரு கீறல் போட்டு வந்தேன்.

தெல்ஃபீனாவுக்கு எழுபத்து நான்கு வயது. தினம் காப்பி கொண்டுவந்து சாரத்தடியில் நின்றுகொள்வாள்.

"என் முறை எப்போ, வர்ற வாரம்தானே? மோவாயை ஒண்ணாக் கொறைச்சுப் போடுடி. ரெண்டு மோவாயோட இன்னொரு புருஷன் கெடைக்க மாட்டான்."

பத்தொன்பது நாளில் முப்பத்தாறு முகங்கள் ஆயின. அந்தச் சுண்ணாம்பில் நிறங்கள் சுவருக்குள்ளிருந்து விளக்கு வைத்த மாதிரி ஒளிர்ந்தன. கீழ் ஊர்களிலிருந்து ஆட்கள் வந்து வாயைப் பிளந்து நின்றார்கள். நான் யாருக்கும் சொல்லாமல் மேலத்தெரு வீட்டுக்கு வெள்ளையடிக்கத் தொடங்கினேன்.

ஜூலை பத்தொன்பது காலை. மூடுபனி சாரத்தின் இரண்டாம் தட்டு வரை ஏறியிருந்தது. நான் மேலே போனேன். கட்டையில் பத்தொன்பது கீறல்.

சுவரில் இருபது நாள் இருந்தது.

நான் இன்னும் பூச்சுக் கரணையைக் கையில் எடுக்கவே இல்லை.

கடைசித் துண்டை ஒட்டி, ஒரு முகம் அளவுக்கு, புதுப்பூச்சு. வழவழவென்று தேய்த்த பூச்சு. தொட்டேன். ஈரம். என் விரல் ரேகை அதில் பதிந்தது.

"நிவெஸ்! நீயா பூசின?"

"நான் எதுக்குப்பா பூசறேன்? நீயே பூசிட்டு என்னைக் கேக்கற."

"நான் இல்ல."

"சரி, தள்ளு. காய்ஞ்சிடும்."

ஈரச்சுவரைக் கண்டுவிட்டால் ஓவியக்காரர்கள் கை நிற்காது. அவள் தூரிகையை நனைத்தாள். அன்று அவள் சாரத்தை விட்டு இறங்கவே இல்லை. காப்பி ஆறிப் போனது. மாலையில் பார்த்தேன். முக்காடிட்ட ஓர் இளம் பெண். மேலுதட்டில் ஒரு வெட்டுத் தழும்பு. எங்கள் அறுபத்து மூன்று பேரில் அவள் இல்லை.

"யாரும்மா இது?"

நிவெஸ் தூக்கத்திலிருந்து எழுந்தவள் போலச் சுவரைப் பார்த்தாள்.

"தெரியலையே. யார் வரைஞ்சது?"

"நீதான். காலைலேர்ந்து இதைத்தானே வரைஞ்சிட்டிருக்க."

அவள் கையில் இன்னும் ஈரமாக இருந்த நிறத்தைப் பார்த்தாள்.

"இன்னும் விடியவே இல்லையேப்பா," என்றாள்.

சூரியன் மேற்கு மலையில் இறங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை இன்னொரு நாள். அதற்கு மறுநாள் இன்னொன்று. ஒரு வயதான ஆள், ஏழு வயதுச் சிறுமி, மீசைக்காரன் ஒருவன். எல்லாருக்கும் பழைய காலத்துக் கம்பளிப் போர்வை. ஒவ்வொரு முகம் முடிந்ததும் நிவெஸுக்கு அந்த நாள் முழுவதும் மறந்து போயிருக்கும்.

ஆறாவது நாள் தெல்ஃபீனா காப்பியோடு வந்தாள். புது முகங்களை மறைக்க நான் சாரத்தில் கட்டியிருந்த சாக்குத் திரை காற்றில் விலகியது. கோப்பைகள் கல்லில் விழுந்து உடைந்தன.

"ஒரெஸ்தே. அந்த உதட்டுத் தழும்புக்காரி."

"ஆமா, அவ யாரு?"

அவள் வீட்டுக்குப் போனாள். கட்டிலருகே மாட்டியிருந்த படத்தைக் கழற்றி எடுத்து வந்தாள். பழுப்பேறிய படம். அதே முக்காடு. அதே தழும்பு.

"என் பெரியம்மா பாஸ்கா. 1918 விஷக்காய்ச்சல்ல போனவ. எங்க புதைச்சாங்கன்னு எங்கம்மா கடைசி வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தா. யாரும் சொல்லல." அவள் சுவரை நிமிர்ந்து பார்த்தாள். "உன் மக என் ரூமுக்குள்ள காலே வச்சதில்லையே ஒரெஸ்தே. எப்படிடா?"

நான் பங்குச்சாமியார் ஃபெர்மோவிடம் ஓடினேன். அவர் அலமாரியிலிருந்து பழைய இறப்புப் பதிவேட்டை இறக்கினார். 1918 டிசம்பர் பக்கத்தில் விரல் வைத்து, லத்தீனை ஒவ்வொரு சொல்லாகப் பெயர்த்துச் சொன்னார்.

"மண்ணு பனியில இரும்பா இறுகிப் போச்சுன்னு அப்போ இருந்த சாமியார் எழுதியிருக்கார். குழி தோண்ட முடியலை. இருபத்தேழு பேரைச் சுண்ணாம்புக் குழியில எறக்கி மூடினோம். கல்லுல வருஷமும் சிலுவையும் தலைக்கணக்கும் கீறியிருக்கு." அவர் நிமிர்ந்தார். "எந்தக் குழின்னு இதுல இல்ல. நீ பழைய ஆளாச்சே, உனக்குத் தெரியுமா?"

என் நகக்கண்ணில் அந்தச் சுண்ணாம்பு இருந்தது.

அந்த முடியும் இருந்தது.

மறுநாள் நான்கு மணிக்கே போய்ச் சாக்குத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்தேன். பனியில் ஈரக் கம்பளி நாற்றம். கிழக்கு வெளுக்கத் தொடங்கியதும் அந்தச் சத்தம் கேட்டது. கரணை சுவரில் இழுபடும் சத்தம். ஸ்ஸ்... ஸ்ஸ்... நாற்பது வருடமாக நான் எழுப்புகிற அதே சத்தம்.

திரையை விலக்கினேன். சாரத்தில் யாருமில்லை.

கல்லிலிருந்து வியர்வை மாதிரி சுண்ணாம்பு கசிந்து, பரவி, தானாக மட்டமாகிக்கொண்டிருந்தது.

சத்தம் சுவருக்கு உள்ளேயிருந்து வந்தது.

பிறகு ஒரு இருமல். உள்ளேதான். அதற்குப் பதில் சொல்வது போல இன்னொன்று. அப்புறம் ஒரு குழந்தையின் இருமல். ஒவ்வொரு தொண்டையும் வேறு வேறு. நான் எண்ணினேன்.

இருபத்தேழு.

அந்தப் பூச்சு இறுகும் முன் உளியை வைத்தேன். நிவெஸ் எழுந்து வருவதற்குள் கல் தெரியும்வரை கொத்தித் தள்ளிவிட்டு வீட்டுக்கு ஓடினேன். அவள் கட்டிலில் கண் திறந்தபடி கிடந்தாள். கூப்பிட்டேன். உலுக்கினேன். மூக்கருகே கண்ணாடி பிடித்தேன், ஆவி படியவில்லை. உதட்டில் வெள்ளைத் தூள் ஒட்டியிருந்தது. துடைத்தேன். மீண்டும் வந்தது. அன்று முழுவதும் அவள் கையைப் பிடித்தபடி இருந்தேன். அடுத்த விடியலில் சுவரில் அதே இடத்தில் அதே அளவு நாள் ஈரமாக நின்றது. அப்போதுதான் நிவெஸ் மூச்சை இழுத்து எழுந்து உட்கார்ந்தாள்.

"பசிக்குதுப்பா," என்றாள்.

சுவரில் இருந்தவை அவளுடைய நாட்கள். நான் எதைக் கொத்தினேன் என்று அப்போது புரிந்தது.

அன்று மதியமே அவளை என் சின்ன வண்டியில் ஏற்றினேன். பெட்டியைக் கூட எடுக்கவில்லை.

"எங்கப்பா போறோம்? ஈரம் காய்ஞ்சிடும்."

"காயட்டும்."

மலைச்சாலையில் முதல் வளைவு தாண்டினோம். இரண்டாவது வளைவில் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மூன்றாவது வளைவில் மெல்ல என் சட்டையைப் பிடித்தாள்.

"அப்பா. காயுது."

அவள் உள்ளங்கை வெளுத்து, வெயிலில் விட்ட பூச்சு மாதிரி விரல் விரலாக வெடித்துக்கொண்டிருந்தது. வெடிப்பில் ரத்தம் வரவில்லை.

வண்டியைத் திருப்பினேன். சதுக்கத்துக்கு வந்து அவளைச் சுவரடியில் நிறுத்தியதும் வெடிப்புகள் ஈரமாகி மூடின. அவள் என்னை மறந்து தூரிகையை எடுத்தாள்.

மீதி இருந்த சுண்ணாம்பை எல்லாம் சாமியாரை வைத்துக் குழியில் திரும்பக் கொட்டினோம். இருபத்தேழு பேருக்கும் பேர் சொல்லி மன்றாடினார். கல்லை மூடினோம். ஒன்றும் மாறவில்லை. அடுத்த நாளும் நாள் வந்தது.

எர்மேத்தேவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே மேசை விளிம்பைத் தேய்த்தார்.

"ஊர்க்காரங்க மூஞ்சி இன்னும் இருபத்தேழு பாக்கி இருக்கு. எங்க மூஞ்சி எப்போன்னு ஆளாளுக்கு என்னைத் திட்டறாங்க. நான் சமாளிக்கிறேன்."

"என் மகளைப் பத்திப் பேசறேன்யா நான்!"

"தெரியுது ஒரெஸ்தே." அவர் என்னைப் பார்க்கவில்லை. "திருவிழா வரைக்கும் வாயை மூடிக்க. கெஞ்சிக் கேக்கறேன். மூணு குடும்பம் வீடு பார்த்துட்டுப் போயிருக்கு. பத்திரிகைக்காரங்க வர்றாங்க. இதை விட்டா இந்த ஊருக்கு ஒண்ணுமே இல்லய்யா."

நானும் வாயை மூடிக்கொண்டேன். வேறு ஒரு கணக்கு என் மனதில் ஓடியது. கல்லில் இருபத்தேழு. சுவருக்குள் இருபத்தேழு இருமல். இருபத்தேழு முகம் முடிந்தால் அவர்களுக்கு வேறென்ன வேண்டும்? அதுவரை அவளுக்குச் சோறு ஊட்டி, கம்பளி போர்த்தி, ஒவ்வொன்றாக முடிக்க விடுவோம். அதன்பின் என் மகள் எனக்கு.

ஆகஸ்ட் பத்தாம் தேதிக்குள் அவளுக்கு எல்லாமே ஜூலை பதினெட்டோடு நின்றுபோயிருந்தது. தினமும் காலையில் எழுந்து, முகம் கழுவி, அதே வாக்கியத்தைச் சொல்வாள்.

"இன்னிக்குத் தெல்ஃபீனா அத்தை மோவாயைப் போட்டுடலாம்பா."

"போட்டுடலாம் கண்ணு," என்பேன்.

தெல்ஃபீனா கடையை விட்டு வெளியே வருவதை நிறுத்திவிட்டாள்.

ஆகஸ்ட் பதினைந்து. இருபத்தேழாவது நாள் மிகச் சிறியதாக இருந்தது, என் உள்ளங்கை அளவு. நிவெஸ் அதில் ஒரு கைக்குழந்தையை வரைந்தாள். மாலையில் சாரத்தைப் பிரித்தோம். அவளைத் தூக்கிக்கொண்டு போய்ப் படுக்க வைத்தேன்.

பதினாறு காலை ஓடிப்போய்ப் பார்த்தேன். சுவர் காய்ந்திருந்தது. புது நாள் இல்லை. கோடுகளை மூன்று முறை எண்ணினேன். நாற்பத்தாறு. பத்தொன்பதும் இருபத்தேழும்.

வீட்டுக்கு வந்தால் நிவெஸ் அடுப்படியில் நின்று காப்பி போட்டுக்கொண்டிருந்தாள்.

"நேத்து நான் வரைஞ்ச அந்தக் குழந்தை நல்லா வந்துச்சுல்லப்பா?"

நேத்து என்றாள். அவளுக்கு நேற்று இருந்தது.

அன்று சதுக்கம் கொள்ளவில்லை. பேண்டு வாத்தியம், வறுத்த பன்றிக்கறி, ஒயின், காமிராக்கள். திரையை இழுத்ததும் கூட்டம் கைதட்டி ஓயவில்லை. எர்மேத்தே குழந்தை மாதிரி அழுதார். பவனி முடிந்து புனித ரோக்கின் சுரூபத்தை இறக்கி வைத்தபோது நிவெஸ் என் கையைக் கோத்துக்கொண்டாள்.

"போகலப்பா. பெல்ஜியத்துக்கு வரலைன்னு கடிதம் போட்டுட்டேன்."

நான் அவள் விரல்களை இறுக்கிப் பிடித்தேன்.

"என்னப்பா, சந்தோஷமா?"

"ம்."

பதினேழாம் தேதி பழக்கத்தில் ஐந்து மணிக்கு விழித்தேன். அவள் கட்டில் காலியாக இருந்தது. போர்வையில் சூடு இல்லை. வாசற்கதவு திறந்து கிடந்தது.

சதுக்கத்தில் நேற்றைய காகிதப் பூக்கள் பனியில் நனைந்து கிடந்தன. சுவரடியில் ஒரு ஜோடிச் செருப்பு. ஒழுங்காக, பக்கத்துப் பக்கத்தில், சுவரைப் பார்த்து.

மேலே பார்த்தேன்.

சுவரில் நாற்பத்தேழு நாள் இருந்தது.

இந்த நாள் முகம் அளவு இல்லை. ஆள் உயரம். கைக்குழந்தைக்குப் பின்னால், பவனியின் கடைசியில், வெறுங்காலோடு என் மகள் நடந்துகொண்டிருந்தாள். நேற்றுப் போட்டிருந்த நீலச் சட்டை. முகம் பாதி திரும்பியிருந்தது. நிறம் இன்னும் ஈரம்.

வீட்டுக்கு ஓடினேன். தோல் பை ஆணியில் தொங்கியது. அத்தனை தூரிகையும் காய்ந்திருந்தன.

போலீஸ் வந்தது. மலையெல்லாம் ஒன்பது நாள் தேடினார்கள். மோப்ப நாய்கள் வீட்டிலிருந்து நேராகச் சதுக்கத்துக்கு வந்து, சுவர் முன்னால் உட்கார்ந்துகொண்டன. இழுத்தாலும் நகரவில்லை. சாமியார் என் தோளில் கை வைத்து, "கல்லுல இருந்த எண்ணிக்கை செத்தவங்களுக்கு மட்டும்தான் ஒரெஸ்தே. உன் மககிட்ட கடன் வாங்கின நாளுக்கு அவங்க கணக்கு எதுவும் எழுதி வைக்கலை," என்றார். அவருக்கும் அதற்கு மேல் எதுவும் தெரியவில்லை.

அதிலிருந்து இரண்டு வருடம் ஆகிறது. ரோக்காமூத்தா பிழைத்துவிட்டது. இப்போது நூற்றுப் பத்துப் பேர் இருக்கிறோம். பள்ளிக்கூடம் திறந்திருக்கிறது. மேலத்தெரு வீட்டில் லியோனிலிருந்து வந்த ஒரு சிற்பி குடியிருக்கிறார். பேருந்து ஒரு நாளைக்கு நான்கு முறை வருகிறது. வருகிறவர்களுக்குப் பவனியின் கடைசிப் பெண்ணைத்தான் பிடிக்கிறது. இப்போதே திரும்பிப் பேசிவிடுவாள் போல இருக்கிறது என்கிறார்கள். அவள் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். எர்மேத்தே என்னைக் கண்டால் தெரு மாறிப் போகிறார்.

என்னிடம் உளி இருக்கிறது. சுத்தியலும் இருக்கிறது. ஒருமுறை கொத்தியபோது என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியும். அதனால் தினம் விடியலில் போய்ச் சும்மா நிற்கிறேன்.

முதல் குளிர்காலத்தில்தான் அதைக் கவனித்தேன். சுவர் முழுக்க உறைபனி படிந்து, பவனி முழுவதும் வெள்ளையாக மறைந்திருந்தது. நிவெஸின் வாய்க்கு நேராக மட்டும் காசு அளவு ஒரு வட்டம் உருகியிருந்தது. அந்த வட்டம் மெல்லப் பெரிதாகும். மெல்லச் சிறிதாகும். நிதானமாக. சின்ன வயதில் என் நெஞ்சில் படுத்துத் தூங்குவாளே, அந்த மூச்சின் தாளம். தூங்கட்டும் என்று விட்டேன். அந்தக் குளிர்காலம் முழுக்க, அடுத்த குளிர்காலத்திலும், அதுதான் எனக்கு ஆறுதல்.

இந்த வருடம் உறைபனி இன்று காலைதான் விழுந்தது.

வட்டம் இருந்தது. தாளம் மாறியிருந்தது. பெரிது, சிறிது, பெரிது, சிறிது. ஓட இடமில்லாத இடத்தில் யாரோ ஓடுகிற மாதிரி.

"நிவெஸ், அப்பா வந்திருக்கேன் கண்ணு. இங்கதான் இருக்கேன்," என்று என் உள்ளங்கையை அதன் மேல் வைத்தேன்.

நின்றுவிட்டது.

பயந்து கையை எடுத்தேன்.

மறுபடி தொடங்கியது, முன்னைவிட வேகமாக.